தாத்தா, நிழல் விழுதே!

போன மே மாதம் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். எட்டு வயது. பெங்களூரில் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். தஞ்சாவூரில் நாற்பது வருடமாகக் குடியிருக்கும் எனக்கு, வெளியூரிலிருந்து யார் வந்தாலும் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டுவது ஒரு கடமை மாதிரி. அதற்கென்று மனப்பாடமாக ஒரு பேச்சு வைத்திருக்கிறேன். முதலில் ராஜராஜன். அடுத்தது உச்சியில் இருக்கும் எண்பது டன் ஒற்றைக் கல். பிறகு அதைச் சாரப்பள்ளம் கிராமத்திலிருந்து சாரம் கட்டி ஏற்றிய கதை. நந்தி வளர்ந்துகொண்டே போனதால் முதுகில் ஆணி அடித்து நிறுத்தியது. கடைசியில், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "இந்தக் கோபுரத்தோட நிழல் தரையில விழவே விழாது!"

அன்றைக்கும் அப்படியே சொல்லி முடித்தேன். மணி நாலரை இருக்கும். மே மாதத்து வெயிலில் காய்ந்த கல்தரை எப்படிச் சுடும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேத்தி கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தாள். திடீரென்று ஓட்டம் எடுத்து நந்தி மண்டபத்துக்குத் தெற்கே போய் நின்று, "தாத்தா, இங்க வாங்க, இங்க சுடலை" என்றாள். நானும் ஓடினேன். சுகமாக இருந்தது.

"இது எதோட நிழல் தாத்தா?"

நிமிர்ந்து பார்த்தேன். பிறகு குனிந்து பார்த்தேன். இருநூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் விமானத்தின் நிழல்தான். கூம்பு வடிவில், உச்சிக் குமிழோடு, தரையில் நீளமாகப் படுத்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதற்குள் நின்றிருந்தோம்.

"நிழலே விழாதுன்னு சொன்னீங்களே?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்குத்தான் பதில் வரவில்லை. உச்சி வேளையில் நிழல் அடிப்பகுதிக்குள்ளேயே அடங்கிவிடும், அதைத்தான் யாரோ பெரிதாக்கிச் சொல்லியிருப்பார்கள் என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. ஆனால் நாற்பது வருடமாக அந்தக் கோயிலுக்குப் போய்வருகிறவன் ஒரு தடவை கூடக் குனிந்து தரையைப் பார்க்கவில்லையே! எனக்கு என் பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். நான் என் மகனுக்குச் சொன்னேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. பேத்திக்குக் கால் சுட்டதால் உண்மை வெளியே வந்தது.

இன்னொன்றும் உறுத்தியது. நான் கணக்குப் பிரிவில் முப்பத்தேழு வருடம் வேலை பார்த்தவன். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்ச் செலவைக் கூட ஒப்புக்கொண்டதில்லை. அதற்காகவே அலுவலகத்தில் என்னை யாருக்கும் பிடிக்காது. அப்படிப்பட்டவன் சரித்திரத்தில் மட்டும் ரசீதே கேட்காமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரவு சாப்பிடும்போது பேத்தி சாதாரணமாகக் கேட்டாள்: "அப்ப ராஜராஜன் கட்டினதுன்னு சொன்னீங்களே, அது நிஜமா?"

மறுநாள் புத்தகம் தேடிக் கிளம்பினேன். எட்டு வயதுக் குழந்தைக்குப் பிடிக்கிற மாதிரி, பொய் இல்லாத சரித்திரப் புத்தகம். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். மூன்று கடை ஏறி இறங்கி ஐந்து புத்தகம் வாங்கி வந்தேன். இரண்டு புத்தகங்கள் பாடநூலைச் சுருக்கியவை. இன்ன அரசன், இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை, இன்னாரை வென்றான். ஒரு பக்கம் படித்ததும் குழந்தை எழுந்து போய்விட்டாள். இரண்டு புத்தகங்களில் வண்ணப்படம் நன்றாக இருந்தது. எல்லா அரசனுக்கும் ஒரே மீசை, ஒரே கிரீடம். ஐந்தாவது புத்தகத்தின் அட்டையிலேயே நம் கோயில். உள்ளே கொட்டை எழுத்தில், நிழல் விழாத அதிசயம்! பேத்தி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

நம் காலத்தில் எப்படிப் படித்தோம் என்று யோசித்தேன். 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவில் ராஜா ராணி உண்டு, ஆனால் அது கதை என்று நமக்கே தெரியும். கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் எழுதினார். வீட்டில் அம்மா கிழித்துத் தைத்து வைத்த பைண்டுப் புத்தகத்தில் நான் அதைப் படித்தேன். சோழ சரித்திரம் தெரியும் என்று நம் தலைமுறையில் மார்தட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்தது அந்த நாவல்தான். தப்பில்லை. ஆனால் நந்தினி கல்கியின் கற்பனை. வந்தியத்தேவன் பெயர் பெரிய கோயில் கல்வெட்டில் வருவது, குந்தவையாரை வல்லவரையர் வந்தியத்தேவரின் மாதேவியார் என்று சொல்லும் அளவுக்குத்தான். அந்த ஒரு சொற்றொடரிலிருந்து ஒரு கதாநாயகனை உண்டாக்கி, ஐந்து பாகத்துக்குக் குதிரையில் ஓடவிட்ட கல்கியை இப்போது நினைத்தால் மரியாதை கூடுகிறது. ஆனால் எட்டு வயதுக்கு அத்தனை சதியும் சபதமும் தாங்காது. நான்கு நாள் கதையாகச் சொல்லிப் பார்த்தேன். குழந்தைக்குப் பிடித்தது ஆழ்வார்க்கடியானின் சண்டை மட்டும்தான்.

அப்போதுதான் இரண்டு பழைய புத்தகங்கள் நினைவுக்கு வந்தன. ஒன்று, நேரு தம் மகளுக்கு எழுதிய கடிதங்கள். 1928 கோடையில் பத்து வயது இந்திரா முசூரியில் இருக்க, அலகாபாத்திலிருந்து அப்பா எழுதியவை. 1929-ல் புத்தகமாக வந்தன. அதில் அவர் அரசர்களில் தொடங்கவில்லை. வழுவழுப்பான ஒரு கூழாங்கல்லைக் காட்டி, இது ஒரு காலத்தில் கூரான பாறைத் துண்டாக இருந்தது, ஆறு உருட்டி உருட்டி இப்படி ஆனது, ஆகவே கல்லையும் புத்தகம் போலப் படிக்கலாம் என்கிறார். குழந்தைக்குச் சரித்திரம் சொல்ல இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம். நான் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது கிளை நூலகத்தில் முதல் தொகுதியை உட்கார்ந்து படித்தது நினைவிருக்கிறது. வீட்டுக்குத் தரமாட்டார்கள். கனமான புத்தகம், வழவழப்பான தாள். இப்போது அந்தத் தொகுதிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகவே பார்க்கலாம். தகவல்கள் சில பழசாகிவிட்டாலும், குழந்தையிடம் கொஞ்சாமல், மிரட்டாமல் பேசுகிற அந்தத் தமிழ் பழசாகவில்லை.

இருந்தாலும் பேத்தியின் கேள்வி அப்படியே நின்றது. ராஜராஜன் கட்டியது என்று எப்படித் தெரியும்?

பதில் சமையலறையில் கிடைத்தது. என் மனைவியிடம் ஒரு பித்தளைக் குடம் இருக்கிறது. கல்யாணத்துக்கு அவள் அத்தை சீராகக் கொடுத்தது. கழுத்தோரம் புள்ளி புள்ளியாக அத்தையின் பெயரும், இவள் பெயரும், தேதியும் வெட்டியிருக்கும். நம் வீடுகளில் எல்லாப் பாத்திரத்திலும் அப்படித்தானே? பேத்தி ஒரு நாள் அதைத் தடவித் தடவி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "பாட்டி, இதுல உங்க பேர் இருக்கு! யாரு இவங்க?" என்று கத்தினாள். அவளுடைய பாட்டி அரை மணி நேரம் அத்தையைப் பற்றிப் பேசினாள். எனக்கே தெரியாத விஷயங்கள்.

நான் குடத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். "ராஜராஜனும் இதையேதான் பண்ணியிருக்கான். யார் குடுத்தது, யாருக்கு, என்னிக்கு, எவ்வளவு எடை. எல்லாத்தையும் கல்லுல வெட்டி வச்சிருக்கான்."

அது உண்மைதான். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி எழுத்து எழுத்தாக ஓடுகிறதே, அது மந்திரம் அல்ல. தான் கொடுத்தது, தன் அக்காள் குந்தவை கொடுத்தது, தன் மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லி அரசன் போட்ட உத்தரவும் அதன் பட்டியலும். அதில் ஒரு குடமும் வருகிறது. தன் 25-ம் ஆட்சியாண்டின் 275-ம் நாளில், விமானத்தின் உச்சியில் வைக்க ஒரு செப்புக் குடம் கொடுத்தான். எடை 3,083 பலம். அந்த ஆண்டு 1010. நம் வயதுக்காரர்களுக்குப் பலம் தெரியும். முப்பத்தைந்து கிராம் என்று வைத்துக்கொண்டால் கூட நூறு கிலோவைத் தாண்டுகிறது. அதன் மேல் போர்த்தப் பொன் தகடு வேறு. நகைகளை எந்த எடைக்கல்லால் நிறுத்தார்கள் என்று கூட எழுதியிருக்கிறார்கள். ஆடவல்லான் என்று அந்தக் கல்லுக்குப் பெயர். ஒரு கணக்கனாக நான் எழுந்து நின்று வணங்கலாம் போல இருந்தது. நான் தேடிய ரசீது ஆயிரம் வருடமாக அங்கேயே, கண் மட்டத்தில் இருந்திருக்கிறது.

இந்த ரசீதை நடுவில் படிக்கத் தெரியாமல் போயிற்று. தலபுராணம் இந்தக் கோயிலைக் கரிகாலன் கட்டியது என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1886-ல் அரசாங்கக் கல்வெட்டு அறிஞராகப் பொறுப்பேற்ற ஹுல்ஷ் என்ற ஜெர்மானியரும், அவருக்குத் துணையாக இருந்து பின்னால் அந்த வேலையைத் தொடர்ந்த வெங்கய்யாவும் இந்த எழுத்துகளைப் படித்து அச்சில் கொண்டுவந்தார்கள். ராஜராஜன் பெயர் கோயிலோடு மறுபடி சேர்ந்தது அப்படித்தான். எண்பது டன் ஒற்றைக் கல்லையும் இதே மாதிரி சரிபார்த்தேன். உச்சியில் இருப்பது ஒரே கல் இல்லை, பல துண்டுகளை இணைத்தது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். என் பேச்சில் இன்னொரு வரி போயிற்று.

அதற்குப் பிறகு நாங்கள் நாலு தடவை கோயிலுக்குப் போனோம். இப்போது நான் காட்டுகிறவன் இல்லை, கூடப் போகிறவன். குழந்தையை அதிகம் இழுத்தது அரசன் இல்லை, ஆடுதான். ஒரு நந்தா விளக்குக்குத் தினம் ஒரு உழக்கு நெய். அதற்காக இடையரிடம் ஒப்படைத்தவை 96 ஆடு. ஆட்டுக்குப் பதில் பசு என்றால் 48. எருமை என்றால் 16. வீட்டில் பாட்டி இன்னும் அரிசியை ஆழாக்கில்தான் அளக்கிறாள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு என்று தண்ணீரை ஊற்றி அளந்து பார்த்தோம். ஒரு எருமைக்கு எத்தனை ஆடு என்று அவளே கணக்குப் போட்டாள். ஆறு. "அப்ப எருமைதான் பெஸ்ட்" என்றாள்.

அந்த ஆடுகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் "சாவா மூவாப் பேராடு" என்று சொல்லும். சாகாத, கிழடு தட்டாத ஆடு. "அது எப்படித் தாத்தா சாகாது?" என்று கேட்டாள். பழைய நானாக இருந்தால் அதிசய ஆடு என்று அளந்திருப்பேன். இந்தத் தடவை நிதானமாகச் சொன்னேன்: செத்தாலும் கிழடானாலும், பிறந்த குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைக் குறையாமல் வைத்துக்கொள்வது இடையரின் பொறுப்பு. தொண்ணூற்றாறு எப்போதும் தொண்ணூற்றாறு. வங்கியில் முதல் குறையாமல் வட்டி வருவது மாதிரி. அவளுக்குப் புரிந்தது. அதிசய ஆட்டை விட இந்த ஆடுதான் அவளுக்குப் பிடித்தது என்பதை நான் கவனித்தேன்.

சங்கடமான கேள்விகளும் வந்தன. கோயிலில் ஆடவும் பாடவும் நாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு பெண்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினான் அரசன். ஒவ்வொருத்தி பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெரு வரிசையில் எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று எல்லாம் இருக்கிறது. "அவங்க அம்மா அப்பாவும் கூட வந்தாங்களா? அவங்களுக்கு வர இஷ்டமா?" என்று கேட்டாள். கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. அரசனுக்கு வேண்டியதைத்தான் அரசன் எழுதிவைத்தான், அந்தப் பெண்கள் எழுதியது எதுவும் இல்லை என்றேன். உத்திரமேரூர்க் குடவோலையைச் சொன்னபோதும் இப்படித்தான். 921-ம் ஆண்டுக் கல்வெட்டு. முப்பத்தைந்து வயதுக்குக் குறையாமல், எழுபதுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவுக்காரனும் நிற்க முடியாது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். குடத்தில் கைவிட்ட அந்தப் பையனைப் பற்றிக் கேட்டதும் குழந்தையின் கண் மலர்ந்தது. "பொண்ணுங்க பேரும் ஓலையில இருக்குமா?" இல்லை. நிலம் இல்லாதவர் பெயரும் இல்லை. அதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் இன்னொரு நிழல் விழாத கோபுரம் ஆகியிருக்கும்.

ஜூன் முதல் வாரம் மகன் வந்தான். எல்லோருமாக மதுரை போய்க் கீழடி அருங்காட்சியகம் பார்த்தோம். 2023-ல் திறந்தது. அங்கே குழந்தை அதிக நேரம் நின்றது இரண்டு இடத்தில். ஒன்று, தாயக்கட்டையும் விளையாட்டுக் காய்களும். இன்னொன்று, பெயர் கீறிய பானை ஓடுகள். ஆதன் என்ற பெயரைத் தமிழி எழுத்தில் காட்டினார்கள். நம் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற வழக்கம் அங்கே பானையில் இருந்திருக்கிறது! தமிழியில் 'க' என்றால் வெறும் கூட்டல் குறி. தன் பெயரில் ஒரு 'க' இருப்பதில் அவளுக்கு மகா பெருமை. ஊருக்குத் திரும்புவதற்குள் வீட்டுச் சுவர், காலண்டர், என் மூக்குக் கண்ணாடிப் பெட்டி எல்லாவற்றிலும் கூட்டல் குறி.

பேரன் பேத்திக்குச் சரித்திரப் புத்தகம் எது வாங்கலாம் என்று இப்போது நண்பர்கள் என்னைக் கேட்கிறார்கள். நான் கடையில் நின்றே பார்ப்பது மூன்றுதான். "இது எப்படித் தெரியும்" என்பதற்கு ஒரு இடத்திலாவது பதில் இருக்கிறதா? ஆடு மேய்த்தவர், கல் செதுக்கியவர், சமைத்தவர் யாராவது வருகிறார்களா, அல்லது கிரீடம் மட்டும்தானா? கதை எது, நடந்தது எது என்று பிரித்துச் சொல்கிறார்களா? நந்தியின் முதுகில் ஆணி அடித்த கதையை நான் இன்னும் சொல்கிறேன். கதை என்று சொல்லிவிட்டுச் சொல்கிறேன். அவள் ரசிக்கிறாள். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலய வரிசையில் விலை மலிவான சிறு நூல்கள் தமிழிலும் கிடைக்கும். அமர் சித்திரக் கதைகளையும் வாங்கிக் கொடுக்கலாம். 1967 முதல் வருபவை. ஆனால் அவற்றில் புராணமும் சரித்திரமும் ஒரே வண்ணத்தில் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துச் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும்.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. பன்னிரண்டு வருடம் முன்பு கிராமத்து வீட்டை விற்றபோது, அம்மாவின் பித்தளை, வெண்கலப் பாத்திரங்களையெல்லாம் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டேன். இரண்டு சாக்கு இருக்கும். அண்டா, அடுக்கு, கூஜா, உருளி. எல்லாவற்றிலும் பெயர் இருந்தது. ஒன்றைக் கூட நான் படிக்கவில்லை. அம்மாவின் அம்மா பெயர் என்ன என்று பேத்தி கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. அந்த உருளியில் கட்டாயம் இருந்திருக்கும். கடைக்காரர் கொடுத்த ரசீது மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

உங்கள் பரணில் அப்படி ஏதாவது இருந்தால், போடுவதானாலும் போடுங்கள். போடும் முன் புளி போட்டுத் துலக்கி, பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்தைப் படித்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

போன வாரம் பெங்களூரிலிருந்து போன். வகுப்பில் ஒரு பெண் தஞ்சாவூர்க் கோயிலில் நிழல் விழாது என்று சொன்னாளாம்.

"நீ என்ன சொன்னே?"

"விழும். நானும் எங்க தாத்தாவும் அதுல நின்னோம், கால் சுடலைன்னு சொன்னேன்."

"நம்பினாளா?"

"இல்ல. மே மாசம் வந்து பாருன்னு சொல்லியிருக்கேன். நீங்க கூட்டிட்டுப் போவீங்கல்ல?"

போவேன்.